அத்திவாரக் குழியில் அன்றும் இன்றும்

என் அப்பா மேசன். 1960களிலும் 70களிலும் புளியந்தீவு, கோட்டைமுனை, கல்லடிப் பக்கங்களில் எழுந்த வீடுகள் பலவற்றின் அத்திவாரத்தில் அவருடைய கை இருக்கிறது. பள்ளி விடுமுறையில் மத்தியானச் சோறு கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. கொடுத்துவிட்டு உடனே திரும்ப மாட்டேன். வெட்டிய குழியின் கரையில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். மட்டக்களப்பு நகரத்தை நான் அப்படித்தான் கீழிருந்து மேலாகத் தெரிந்துகொண்டேன்.

அந்தக் காலத்து அத்திவாரம் நிதானமான வேலை. முளை அடித்து, நூல் கட்டி, மூலைமட்டம் வைத்துப் பார்த்த பிறகுதான் மண்வெட்டி இறங்கும். இறுகிய இடத்துக்கு அலவாங்கு. வெட்டிய மண் கடகத்தில் ஏறும். வெட்டுகிறவர், தூக்குகிறவர், கொட்டிப் பரப்புகிறவர் என்று ஒவ்வொரு கடகம் மண்ணும் மூன்று பேரின் கண்ணுக்குத் தப்பிப் போகாது. உள்ளே ஏதாவது கிடந்தால் யாராவது ஒருவர் கண்டே தீருவார்.

மண் வெட்டியவர்கள் காத்தான்குடியிலிருந்து வந்த காக்காமார். கதவு நிலையும் ஜன்னலும் செய்தவர் டச்பார் பக்கத்துப் பறங்கித் தச்சர். வீட்டாரோடு போர்த்துக்கேயக் கிரியோலில் பேசுவார், எங்களோடு எங்கள் தமிழில் பேசுவார். செங்கல்லும் மணலும் படுவான்கரையிலிருந்து வரும். சோற்று நேரத்தில் எல்லாரும் ஒரே மர நிழலில்தான். ஒரு நகரத்து வீடு எழுவதற்கு எத்தனை ஊர், எத்தனை சமயம், எத்தனை மொழி வேண்டியிருந்தது என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

புளியந்தீவு மண்ணுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மேலே கொட்டிப் பரப்பிய கிறவல். அதன் கீழே செங்கல் தூளும் சுண்ணாம்பும் கரியும் கலந்த சாம்பல் நிற மண். இன்னும் இறங்கினால் மட்டியும் ஊரியும் நிறைந்த கறுத்த சேறு. அதற்குள் வாவித் தண்ணீர் ஊறத் தொடங்கிவிடும், வாளியால் இறைத்து இறைத்துத்தான் கல் வைக்க வேண்டும். அப்பாவுக்கு இந்த ஒழுங்கு மனப்பாடம்.

"கொட்டின மண்ணில கல்லு வச்சா வீடு நிக்காது மனே. கிடந்த மண் வரட்டும்" என்பார்.

மனிதர் கொண்டுவந்து கொட்டிய மண் எது, இயற்கையாகக் கிடந்த மண் எது என்று நிறத்தைப் பார்த்தும் விரலால் நசுக்கியும் சொல்லிவிடுவார். தொல்லியலில் மண்ணடுக்கு என்று மாணவர்களுக்கு முதற்பாடமாகச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான் என்று பின்னாளில் தெரிந்துகொண்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தச் சாம்பல் நிற மண்ணில்தான் சாமான்கள் கிடைக்கும். நீலக் கோடு போட்ட பீங்கான் துண்டு. வெள்ளைக் களிமண்ணில் செய்த சுங்கானின் ஒடிந்த தண்டு, நடுவில் ஈர்க்கு நுழையும் அளவுக்குத் துளை. தடித்த பச்சைக் கண்ணாடிப் போத்தலின் அடிப்பாகம். ஒரு முறை கோட்டைமுனையில் செப்புக்காசு ஒன்று வந்தது. பச்சைக் களிம்பு படர்ந்து, வட்டமா சதுரமா என்று தெரியாமல் இருந்ததைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார்கள். ஒரு முகத்தில் ஆங்கில 'வி' எழுத்தின் இரண்டு கைகளிலும் 'ஓ'வும் 'சி'யும் கோத்த அடையாளம், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை. அதன் கீழே 17 என்று தொடங்கும் ஆண்டு, மற்ற இரண்டு இலக்கமும் தேய்ந்துபோயிருந்தன. மறுமுகத்தில் முடி சூடிய கேடயம்.

"மேசனார், இது ஒல்லாந்தன்ட சல்லியெல்லா!" என்றார் காக்கா.

அப்பா காசைப் பார்ப்பதற்கு முன்னர் கேட்டது வேறு. "எங்க கிடந்த? முழங்காலுக்கு மேலயா, கீழயா?"

எந்த ஆழம் வரைக்கும் கொட்டிய மண் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. வீட்டின் பாரத்தைத் தாங்கப்போகும் இடத்தைத் தீர்மானிக்கக் கேட்டார். ஆனால் அகழாய்வாளர் கேட்கும் முதல் கேள்வியும் அதுவேதான். கையில் இருக்கும் பொருள் அழகாக இருக்கிறதா, விலை போகுமா என்பதெல்லாம் பிறகு. எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் கதை இருக்கிறது.

அந்தக் காசு ஒரு வாத்தியாரின் சேகரிப்புக்குப் போனது. பீங்கான் துண்டுகள் தரை நிரப்பும் மண்ணோடு சேர்ந்துகொண்டன. ஆழம் அப்பாவின் நினைவில் இருந்தது, அவரோடு போனது. எழுதிவைக்க வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் அப்போதே நடைமுறையில் இருந்தது. ஆனால் அது நகரத்தின் குழிகளுக்குள் இறங்கி வரவில்லை.

* * *

அன்று கச்சேரிக்குப் போவது என்றால் மட்டக்களப்புக் கோட்டைக்குள் போவது. பிறப்புச் சான்றிதழ், காணி அனுமதிப் பத்திரம், ஓய்வூதியம், வெள்ள நிவாரணம் எதுவானாலும், அதே கம்பனி முத்திரை பொறித்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். படுவான்கரையிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு வாவியைக் கடந்து வந்த விவசாயி, கொத்தளத்து நிழலில் வெற்றிலைப் பையை அவிழ்த்துவைத்துக்கொண்டு பெயர் கூப்பிடும்வரை காத்திருப்பார். இலங்கையில் கோட்டைகள் பல உண்டு. இவ்வளவு நெடுங்காலம் ஒரு மாவட்டத்தின் அன்றாட வாழ்வைத் தன் மதிலுக்குள் வைத்திருந்த கோட்டைகள் அரிது.

1602இல் ஒல்லாந்தத் தளபதி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் கண்டி மன்னனைத் தேடி வந்து இறங்கியது மட்டக்களப்புக் கரையில். 1628 அளவில் போர்த்துக்கேயர் புளியந்தீவின் முனையில் கோட்டை கட்டினார்கள். இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி, நான்கு மூலைக்கும் நான்கு கொத்தளம். பத்தே ஆண்டில், 1638 மே 18இல், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து வந்த ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினார்கள். போர்த்துக்கேயர் இலங்கையில் ஒல்லாந்தரிடம் இழந்த முதற் கோட்டை இதுதான். அந்த மாதம் 23ஆம் திகதி மன்னனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்ட்டும் மட்டக்களப்பில் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை வைக்கலாம், ஆனால் மன்னன் விரும்பினால் மட்டும் என்பது மன்னனிடம் இருந்த பிரதியின் வாசகம். ஒல்லாந்தரிடம் இருந்த பிரதியில் அந்த நிபந்தனை இல்லை. அதற்குப் பின் வந்த நீண்ட பகைக்கு அந்த ஒரு வரியும் காரணமானது.

இந்த உடன்படிக்கையை நான் அடிக்கடி நினைப்பதற்குக் காரணம் உண்டு. கோட்டையைப் பற்றிய ஆவணங்கள் லிஸ்பனிலும் ஹேக்கிலும் கொழும்பிலும் நிறைய இருக்கின்றன, எதற்காகத் தோண்ட வேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு. ஆவணம் எழுதியவனின் பக்கத்தைச் சொல்லும். கல் சுமந்தவன் யார், எந்த ஊரான், கோட்டை வருமுன் அந்த முனையில் யார் குடியிருந்தார்கள், எந்தச் சட்டியில் என்ன மீன் சமைத்தார்கள், எங்கே புதைத்தார்கள் என்பதெல்லாம் கம்பனிக் கணக்கில் வராது. நம்முடைய ஆட்கள் அந்தக் கணக்கில் தலை எண்ணிக்கையாக வருகிறார்கள், அவ்வளவுதான். அவர்களைத் தேட வேண்டுமானால் மண்ணுக்குள்தான் தேட வேண்டும்.

இன்று கச்சேரி கோட்டைக்குள் இல்லை. திராய்மடுவில் பெரிய மாவட்டச் செயலகக் கட்டடம் கட்டி 2024 ஜூனில் திறந்துவைத்தார்கள். வாகனம் நிறுத்த இடம் இருக்கிறது, மின்தூக்கி இருக்கிறது, முதியவர்கள் வெயிலில் நிற்க வேண்டியதில்லை. அது நல்ல காரியம். பழைய கோட்டையைச் சுற்றுலாத் தலமாக்கும் பேச்சு இப்போது பலமாக அடிபடுகிறது. அதுவும் நல்ல காரியம்தான். நகரத்துக்கு வருமானம் வேண்டும், இளையவர்களுக்கு வேலை வேண்டும்.

என் கவலை தொடங்குவது தரைக்குக் கீழே. சுற்றுலாத் தலம் என்றால் கழிப்பறை வேண்டும், அதற்கு மலக்குழி வேண்டும். தண்ணீர்க் குழாய், மின்கம்பி, வடிகால், விளக்குக் கம்பம், உணவகத்து அத்திவாரம், வாகனத் தரிப்பிடம் எல்லாம் வேண்டும். மதிலை யாரும் இடிக்க மாட்டார்கள், அதற்குச் சட்டம் தடை. ஆனால் முற்றத்தில் குழாய்க்கு வெட்டும் ஓர் அடி அகல வாய்க்கால், நானூறு ஆண்டு மண்ணடுக்கை ஒரே நாளில் குறுக்கே அறுத்துவிடும். அன்று அந்த வேலையை ஆறு பேர் ஒரு கிழமை செய்வார்கள். இன்று பெக்கோ இயந்திரம் சோற்று நேரத்துக்குள் முடித்துவிடும். அள்ளிய மண் நேரே டிப்பரில் விழும், டிப்பர் எங்கோ ஒரு பள்ளக் காணியை நிரப்பப் போகும். அந்த மண்ணை ஒரு கண்ணும் பார்த்திருக்காது.

* * *

அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் வேறு வகைத் தோண்டல்கள் வந்து போயின.

1978 நவம்பர் 23 சூறாவளி வீசிய பிறகு ஊரே திரும்பக் கட்டப்பட்டது. ஓலையும் ஓடும் போன இடங்களில் கொங்கிரீட் வந்தது, அத்திவாரங்கள் ஆழமாயின. பிறகு போர். வீட்டு முற்றத்திலும் பள்ளிக்கூட வளவிலும் பதுங்குகுழி வெட்டினோம். காவலரண்களுக்கு மண்மூட்டைகள் நிரம்பின. எங்கிருந்து வாரினார்கள் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. 2004 டிசம்பர் 26 கடல் வந்து நாவலடியையும் டச்பாரையும் கல்லடிக் கரையையும் வழித்துப் போனது. பறங்கிக் குடும்பங்கள் பல அன்றைக்கு ஆட்களை இழந்தன. அடுத்த சில ஆண்டுகள் கரை முழுவதும் தொண்டு நிறுவனங்களின் வீட்டுத்திட்டம். 2009க்குப் பிறகு வீதிகள், விடுதிகள், 2013இல் கல்லடியில் பழைய பாலத்தின் பக்கத்தில் புதிய பாலம். ஒரு தலைமுறைக்குள் இந்த வாவிக்கரையின் மண் பல முறை புரட்டப்பட்டுவிட்டது.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். 1990 ஜூலையில் காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம்கள் குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் பெண்களும் குழந்தைகளுமாகத் தமிழர் கொல்லப்பட்டார்கள், அது இராணுவத்தினர் செய்தது. இரண்டு ஊரும் ஒரே வாவியின் கரையில் இருக்கின்றன. இரண்டு பக்கத்துக் குடும்பங்களும் இன்றும் உண்மைக்காகக் காத்திருக்கின்றன. இங்கே தோண்டுவது என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு பதறுகிற வீடுகள் உண்டு. அகழாய்வைப் பற்றிப் பேசுகிற எவரும் அந்த வீடுகளை மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

அந்தப் பதற்றத்தோடு வேறொரு பயமும் சேர்ந்துகொண்டது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுகளை முகாமைத்துவம் செய்யவென்று ஜனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டது. தலைமை பாதுகாப்புச் செயலாளர். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கென நியமிக்கப்பட்ட முதல் பட்டியலில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. அதற்கு முன்னும் பின்னும் மேய்ச்சல் தரையிலும் வயலோரத்திலும் கோயில் வளவிலும் எல்லைக்கல் நட்ட செய்திகள். பழைய செங்கல் தென்பட்டால் காணி போய்விடும் என்ற எண்ணம் சனங்களிடம் ஊறிப்போனது.

அன்றும் இன்றும் என்று நான் ஒப்பிட வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். அன்று குழிக்குள் ஒரு பீங்கான் துண்டு கிடைத்தால் எடுத்துக்கொண்டு ஓடிப்போய் எல்லாருக்கும் காட்டினோம். அது யாருடையது என்று சண்டை பிடிக்கவில்லை, ஒல்லாந்தன்ட என்று சிரித்தோம். இன்று கிணறு வெட்டும்போது பழைய செங்கல் வரிசை ஒன்று தென்பட்டால், வீட்டுக்காரர் முதலில் தெருப்பக்கம் பார்க்கிறார். "கதைய விடுங்க, மறுகா கரைச்சல் வரும், மூடுங்க" என்கிறார். மேசனும் மூடிவிடுகிறான். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தலைமுறை தலைமுறையாக இருந்த காணியை ஒரு ஓட்டுத்துண்டுக்காக இழக்க யார் துணிவார்கள்? ஆனால் இப்படி மூடி மூடியே நம்முடைய வரலாற்றை நாமே அழித்துவிடுவோம். கிழக்கின் மண் ஒரே இனத்தின் சாட்சி என்று சொல்கிறவர்களுக்கு அதைவிட வசதி வேறில்லை. பார்க்கப்படாத மண்ணைப் பற்றி யாரும் எதையும் சொல்லலாம்.

* * *

முறையாகத் தோண்டினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் கண்முன்னே உதாரணங்கள் உண்டு.

யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் மண் அள்ளப்பட்டுவந்த ஒரு மேட்டில் பழைய ஓடுகள் கண்ணில் பட்டன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் 1980இன் இறுதியில் அங்கே அகழ்ந்தார்கள். பெருங்கற்காலப் பண்பாட்டைச் சேர்ந்த புதைவு ஒன்று வந்தது. எலும்புக்கூட்டோடு ஒரு சின்ன முத்திரை, மேல்வரியில் குறியீடுகள், கீழ்வரியில் பிராமி எழுத்து. யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஆதிக் குடிகளைப் பற்றிப் பேசுகிற எவரும் இன்றுவரை அந்த முத்திரையைத் தொடாமல் பேச முடியாது. மேடு முழுவதும் அள்ளப்படும்வரை யாரும் கவனிக்காமல் இருந்திருந்தால் அது எங்கேயோ ஒரு பள்ளத்துக்கு நிரப்பு மண்ணாகப் போயிருக்கும்.

யாழ்ப்பாணக் கோட்டை இன்னும் நெருங்கிய உதாரணம். 1990 முற்றுகையிலும் பின்னரும் அது இடிந்துபோனது. போர் முடிந்த பிறகு நெதர்லாந்தின் உதவியோடு மதில்களைத் திருத்தத் தொடங்கினார்கள். அந்த வேலையை ஒட்டிப் பேராசிரியர் பரமு புஷ்பரட்ணமும் தொல்பொருள் திணைக்களத்தினரும் ஆய்வு செய்தார்கள். 2017இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், மத்திய கலாசார நிதியம், தொல்பொருள் திணைக்களம், இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகம் எல்லாம் சேர்ந்து அகழ்ந்தன. டர்ஹம் குழுவுக்குப் பேராசிரியர் ரொபின் கொனிங்ஹம் தலைமை.

அந்த வருடம் யாழ்ப்பாணம் போயிருந்தபோது கோட்டைக்குள் போய்க் குழியின் ஓரத்தில் நின்றேன். நான்கு பக்கமும் கத்தியால் சீவினதுபோல நேரான சுவர். மேலே உடைந்த முருகைக்கல்லும் செங்கல்லும் போர்க்கால இடிபாடும். அதற்குக் கீழே நிறம் மாறி மாறி மண் வரிகள், ஒவ்வொன்றிலும் இலக்கம் எழுதிய சின்ன அட்டை குத்தியிருந்தது. ஒரு மாணவி முழங்கால் மடித்து உட்கார்ந்து, மேசன் கரண்டியைப் போன்ற ஒரு சின்னக் கரண்டியால் ஒரு விரல் தடிப்புக்கு மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சுரண்டிய மண் வாளியில் ஏறி, மேலே அரிதட்டில் விழுந்தது. அங்கே இரண்டு பேர் மண்கட்டியை விரலால் உடைத்து உடைத்துப் பார்த்தார்கள். தமிழ் மாணவரும் சிங்கள உத்தியோகத்தரும் ஒரே குழிக்குள் குனிந்து, இந்த வரி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்த வாதம் மண்ணைப் பற்றியதாக மட்டும் இருந்தது. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

அந்தக் கோட்டையின் அடியிலிருந்து உருளை அலங்கார ஓடுகளும், சீனப் பீங்கானும், இஸ்லாமிய உலகத்துப் பச்சை நீல மெருகு ஓடுகளும் வந்தன. போர்த்துக்கேயர் கோட்டை கட்ட வந்தபோது அது வெறும் மணல் திடல் அல்ல, பல கடல்களோடு பேசிக்கொண்டிருந்த துறை என்பது அதனால் உறுதியானது. மட்டக்களப்புக் கோட்டையின் அடியில் என்ன இருக்கிறது? வாவியின் முகத்துவாரம் அருகில் இருக்கிறது. கடலில் வந்தவர்கள் உள்ளே நுழைந்து காற்றுக்கு ஒதுங்க அதைவிட நல்ல இடம் இந்தக் கரையில் குறைவு. வடக்கே கதிரவெளியில் பெருங்கற்காலக் கல்லறைகள் இருக்கின்றன. இந்த நீரோரத்துக்கு மனிதர் முதன்முதலில் போர்த்துக்கேயரோடு வந்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது உதாரணம் வலி நிறைந்தது. 2018இல் மன்னார் நகர வாசலில் சதொச விற்பனை நிலையம் கட்ட அத்திவாரம் வெட்டினார்கள். அங்கிருந்து போன மண்ணில் மனித எலும்புகள் தென்பட்டன. நீதிமன்ற உத்தரவின்படி அகழத் தொடங்கினார்கள், தொல்லியல் பக்கத்துக்குப் பேராசிரியர் ராஜ் சோமதேவ பொறுப்பாக இருந்தார். 300க்கும் மேற்பட்டவர்களின் எலும்புக்கூடுகள், குழந்தைகளும் உட்பட. காணாமற்போனவர்களின் தாய்மார் வேலியோரம் வந்து நின்றார்கள். 2019இல் அமெரிக்காவின் புளோரிடாவில் நடந்த கதிரியக்கக் காபன் பரிசோதனை, சோதித்த மாதிரிகள் 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்று சொன்னது. அந்த முடிவோடு கேள்விகள் ஓயவில்லை. ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நான் எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. கட்ட வந்த பிறகு, மண்ணை அள்ளி விற்ற பிறகு, எலும்பு தெருவுக்கு வந்த பிறகு தொடங்கும் அகழ்வு எப்போதும் பிந்தியது. அள்ளிப்போன மண்ணில் எது எதற்கு மேலே கிடந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்தத் தாய்மாருக்கு முழுமையான விடை கிடைக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். கட்டுமுன் தோண்டிப் பார்ப்பது பழையவர்களுக்குச் செய்யும் மரியாதை. அண்மையில் இறந்தவர்களுக்குச் செய்யும் நீதியும் அதுவே.

* * *

போரில் இடிந்த நகரம் தன் மண்ணைத் தோண்டிப் பார்த்த கதை உலகத்தில் வேறிடத்திலும் உண்டு. ஜேர்மன் குண்டுகளால் இடிந்த லண்டனில், 1954இல், பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்று எழவிருந்த வால்புரூக் பகுதியில் டபிள்யூ. எவ். கிரைம்ஸ் என்ற தொல்லியலாளர் அகழ்ந்தார். வேலை முடியும் தறுவாயில் மித்ரஸ் என்ற கடவுளின் பளிங்குத் தலை வந்தது. உரோமர் காலத்துக் கோயில். பார்க்க வந்த சனம் தெருத் தெருவாக வரிசையில் நின்றது, பிரதமர் வின்ஸ்டன் சேர்ச்சிலின் அமைச்சரவையே அதைப் பற்றிப் பேச வேண்டியதாயிற்று. கட்டடத்தைக் கட்டாமல் விடவில்லை, கட்டத்தான் கட்டினார்கள். ஆனால் அந்த மண்ணைப் படித்துவிட்டுக் கட்டினார்கள். 2017இல் அதே இடத்தில் இன்னொரு புதுக் கட்டடம் எழுந்தபோது அந்தக் கோயிலை அதன் அடித்தளத்தில் திரும்ப வைத்திருக்கிறார்கள். 1990இலிருந்து இங்கிலாந்தில், கட்டட அனுமதி கேட்கிறவரே முன்னகழ்வின் செலவையும் ஏற்பது நடைமுறையாகிவிட்டது.

நம்மிடமும் சட்டம் உண்டு. 1940 கட்டளைச் சட்டத்தை 1998இல் திருத்தினார்கள். 2000ஆம் ஆண்டு விதிகளும் வந்தன. பெரிய அபிவிருத்தி வேலை தொடங்குமுன் தொல்லியல் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்பது அவற்றின் சாரம். சட்டத்தில் ஓர் ஓட்டையும் உண்டு. கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான 1815 மார்ச் 2க்கு முந்தியது எதுவோ அதுதான் இயல்பாகவே தொல்பொருள். அதற்குப் பிந்திய புளியந்தீவுக் கடைவீடுகள், பறங்கித் தெருக்களின் பழைய திண்ணை வீடுகள், வாவிக்கரைப் பண்டகசாலைகளெல்லாம் தனித்தனியாக அறிவிக்கப்பட்டால்தான் காப்பாற்றப்படும். 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் தொடங்கிய பள்ளிக்கூடத்தின் பெயர் நம் ஊரில் பெருமையாகப் பேசப்படுகிறது. அந்த நூற்றாண்டு நம் நகரத்துக்கு விட்டுப்போன மற்றவற்றின் பெரும் பகுதி அந்தத் திகதிக்கு இந்தப் பக்கம் விழுந்துவிடுகிறது.

நான் அபிவிருத்திக்கு எதிரானவன் அல்லன். கட்டுவதுதான் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்ட தொழில். நான் கேட்பது சில காரியங்கள்தான். எல்லாமே செய்யக்கூடியவை.

கோட்டைக்குள் குழாயோ கம்பமோ இறங்குமுன், இறங்கப்போகிற இடங்களில் சோதனைக் குழிகள் வெட்டட்டும். கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்களும் தெற்கின் மாணவர்களும் சேர்ந்து அந்தக் குழிக்குள் இறங்கட்டும். தமிழர், முஸ்லிம், பறங்கியர், சிங்களவர் எல்லாரும் வந்து பார்க்கக்கூடியதாகக் குழி திறந்திருக்கட்டும். அகழ்வின் அறிக்கை தமிழிலும் வெளிவரட்டும். கிடைக்கும் பொருள்கள் மட்டக்களப்பில்தான் இருக்கட்டும். தனியார் காணியில் ஏதாவது கிடைத்தால், படமெடுத்து அளந்து பதிந்த பிறகு காணி வீட்டுக்காரரிடமே திரும்பும் என்ற உறுதியை எழுத்தில் கொடுக்கட்டும். அந்த ஒரு உறுதி வந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

மேசன்மாரையும் பெக்கோ ஓட்டுநர்களையும் கூப்பிட்டு ஒரு நாள் வகுப்பு நடத்துங்கள். எந்த மண்ணைக் கண்டால் நிறுத்த வேண்டும், எதைத் தொடாமல் வைக்க வேண்டும், யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்தால் போதும். பேராசிரியர்கள் வருமுன் நகரத்தின் மண்ணைத் திறக்கிறவர்கள் அவர்கள்தான். மண்ணைப் பார்த்து ஆழம் சொல்லும் கண் அவர்களில் பலருக்கு ஏற்கெனவே உண்டு. அந்தக் கண்ணுக்கு ஒரு கொப்பியும் அளவுநாடாவும் மரியாதையும் சேர்த்துக் கொடுப்பதுதான் மிச்ச வேலை.

இதை மாவட்டச் செயலகமும் மாநகர சபையும் தொல்பொருள் திணைக்களமும் தாமாகவே செய்யும் என்று காத்திருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. கோட்டையைப் பற்றிய திட்டத்துக்குத் தொல்லியல் தாக்க மதிப்பீடு செய்தார்களா, செய்திருந்தால் அறிக்கை எங்கே என்று ஒரு கடிதம் எழுதினால் பதில் தந்தே ஆக வேண்டும். பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கம், பள்ளிவாசல் நிருவாகம், கோயில் பரிபாலன சபை, பறங்கியர் ஒன்றியம் எல்லாம் ஆளுக்கொரு கடிதம் எழுதட்டும். ஒப்பந்தக்காரர் முளை அடித்து நூல் கட்டுமுன் அந்தக் கடிதங்கள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.